மிஷினை நிறுத்தச் சொல்லாத மகனுக்கு

அப்பு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மகனுக்குக் கடுதாசி எழுதுகிறவள் இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். திங்கட்கிழமை காலையில் மில் வண்டி வந்து உன்னை வேடசந்தூர்ப் பக்கம் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை உன் அறை வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறேன். சத்தமாகச் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மெதுவாகச் சொன்னால் உனக்குக் கேட்காது. எழுதிவிட்டேன், பார். உனக்குக் காது கேட்காது. இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் இவ்வளவு காலம் மிதித்துவிடாமல் சுற்றிச் சுற்றிப் போனது இந்த ஒரு வார்த்தையைத்தான். இந்தக் கடுதாசியை நான் ஒட்டப் போவதில்லை. வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

உன் அப்பா இருந்த காலத்தில் மதுரைக்குப் போய் ஒரு சின்ன கீபோர்டு வாங்கிவந்தார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நீ வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர் அதைக் கண்ணாரப் பார்த்தார், அந்த மட்டும் மாதாவுக்கு நன்றி. அவர் போன பிறகு நீ கோயிலோடு நிற்கவில்லை. கல்யாணக் கச்சேரி, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ஆர்க்கெஸ்ட்ராவோடு வேன் ஏறினாய். ஏசுவுக்கும் வாசித்தாய், மாரியம்மனுக்கும் வாசித்தாய். எல்லா இடத்திலும் உன்னை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். திருவிழாவுக்கு மறுநாள் காலையில் நீ காதைக் குடைந்துகொண்டே இட்லி சாப்பிடுவாய். "என்னலே?" என்றால், "ஒண்ணுமில்லம்மா, உள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு, சரியாயிரும்" என்பாய். நானும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டு, சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன்.

பிறகுதான் அந்த வியாபாரத்தை ஆரம்பித்தாய். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சத்தத்த விக்கிறதா? சத்தத்த யாருலே காசு குடுத்து வாங்குவா? நம்ம தெருவுல வேணுங்குற அளவு சும்மாவே கெடக்கே" என்று சிரித்தேன். நீ பொறுமையாகச் சொன்னாய். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பியானோ, இன்னொன்றை அமுக்கினால் வயலின், அதற்கு உங்கள் ஆட்கள் வைத்த பேர் டோன். எங்கேயோ வெளிநாட்டில் செய்த பெட்டிக்குள் நம்ம ஊர் உறுமி எப்படி இருக்கும், பம்பை எப்படி இருக்கும்? பாட்டுப் போடுகிறவர்கள் அதற்குத்தான் தவிக்கிறார்கள் என்றாய். அசல் வாத்தியத்தை மைக் வைத்துப் பதிந்து, அதைச் சீவிச் செதுக்கி, கீபோர்டின் எல்லாக் கட்டையிலும் வருகிற மாதிரி ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்தாய். மதுரை, ஒட்டன்சத்திரம், பழனி என்று கேசட் போடுகிற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள்.

அப்போது நமக்குள் நடந்த சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அறைக்கும் என் தையல் மிஷினுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நீ மைக்கைத் திறப்பாய், நான் மிதிப்பேன். உடனே வாசலில் வந்து நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மா, மிஷின நிப்பாட்டும்மா" என்பாய். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கழுத்து வரைக்கும் நீல யூனிஃபாரத் துணி. வாசலில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிற்பார்கள். "உன் டோனா வந்து பாவாட தச்சுக் குடுக்கும்?" என்று கத்துவேன். "செத்த நேரம்மா, ஒரே ஒரு டேக்" என்று கெஞ்சுவாய். அந்தச் செத்த நேரம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நீளும். நானும் திட்டிக்கொண்டே காலை எடுத்துவிட்டு, சத்தம் வராமல் பட்டன் கட்டுவேன். எனக்கு எரிச்சல் வந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தால்கூட உனக்குக் கேட்டுவிடும் என்பதில் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

பழனிக்காரர் முதன்முதலில் போனில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? முருகன் பாட்டு கேசட் போடுகிறவர். "ஏனுங்க தம்பி, கேட்டா விபூதி வாசம் வரோணும், அப்படி ஒரு டோன் வேணுங்க" என்றாராம். நீ போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்தவன் நேராக அடுப்படிக்கு வந்து என் வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். துணி சுற்றிய கட்டையால் அதன் விளிம்பில் மெதுவாக ஒரு தட்டு. அது அடங்கி, அடங்கி, இல்லாமல் போகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "ஏலே, பானையக் குடு, உலை வைக்கணும்" என்று வந்த நான், உன் முகத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அன்றைக்கு நமக்குச் சாப்பாடு சாயங்காலம்தான். ஆனால் நீ செய்த அந்த டோனை வாசித்துக் காட்டியபோது, ஜெபமாலையைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கே மலை ஏறிப்போய் நிற்கிற மாதிரி இருந்தது. பழனிக்காரர் போனிலேயே அழுதுவிட்டார் என்றாய்.

அதற்குப் பிறகுதான் நான் உன் வியாபாரத்தில் பங்காளி ஆனேன். யூனிஃபாரத்தில் மிஞ்சிய நீலத் துணியில் ஃப்ளாப்பிக்கு அளவாகச் சின்னச் சின்னப் பை தைத்தேன். வாயில் ஒரு சுருக்குக் கயிறு. உள்ளே ஜாக்கெட் துணிக்கு நடுவில் வருகிற அட்டையை வெட்டி வைப்பேன், வளையாமல் இருக்க. நீ அதை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்ப் பழனி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வருவாய். அங்கே யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். திண்டுக்கல் நீலப் பை என்றால் ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரியும் என்று நீ சொன்னபோது, நானும் ஏதோ பாட்டில் வாசித்துவிட்ட மாதிரி கர்வமாக இருந்தது.

பிறகு ஒரு வருஷம், நீ மிஷினை நிறுத்தச் சொல்வது நின்றுபோனது. அப்பு, என் மடத்தனத்தைக் கேள். நான் சந்தோஷப்பட்டேன். பையனுக்கு வயது ஏறிவிட்டது, அம்மா படுகிற பாட்டைப் புரிந்துகொண்டான், மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். தையலுக்கு வருகிற பெண்களிடம் எல்லாம் சொன்னேன். "முன்ன மாதிரி இல்ல எம்மவன், எம்புட்டுச் சத்தம் போட்டாலும் ஒரு வார்த்த சொல்றதில்ல, தங்கம்" என்று. நீ மைக்கைத் திறந்து வைத்திருக்கிற நேரத்தில் நான் தைரியமாக மிதித்தேன். பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு மிதித்தேன். பெற்ற பிள்ளைக்கு உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைக் குணம் என்று நினைத்துத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடையாளம் இல்லாமல் இல்லை. டோன் வாங்கினவர்கள் போனில் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். ரொம்பக் கூர்மையாக இருக்கிறது, ஊசி மாதிரி குத்துகிறது என்றார்கள். நீ போனை வைத்துவிட்டு, "அவிங்களுக்குக் காது சரியில்லம்மா" என்பாய். கீச்சென்ற சத்தம் உனக்கு எட்டவில்லை. எட்டுகிற வரைக்கும் நீ அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாய். இன்றைக்குத்தான் இதையெல்லாம் கோத்துப் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள், உன்னோடு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிற தபேலாக்காரர் உன்னைப் பார்த்து, "எங்கம்மா தவறிட்டாங்க தம்பி" என்று சொல்ல, நீ சிரித்துத் தலையாட்டி, "ரொம்ப சந்தோஷம்ண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். மனுஷன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று கண் கலங்கிக் கேட்டார், "நான் என்னக்கா பாவம் பண்ணேன்?" என்று. அவன் எப்போதும் பாட்டு ஞாபகத்திலேயே இருக்கிறவன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சமாளித்து அனுப்பினேன். உன்னிடம் அதைச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன், நீ போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உனக்குத் தெரியாது, பழனிக்காரர் ஒரு தடவை வீட்டுக்கே வந்தார், நீ கன்னிவாடிக்குக் கோயில் திருவிழாவில் வாசிக்கப் போயிருந்த அன்றைக்கு. கையில் நான் தைத்த நீலப் பை. காப்பி கொடுத்தேன், குடிக்காமல் வைத்திருந்தார். "ஏனுங்கம்மா, தம்பி இல்லாத நேரமாப் பாத்துத்தானுங்க வந்தேன். நம்ம வெண்கல டோன இன்னொரு மாதிரி, அடங்கறது இன்னும் நீளமா வேணும்னு கேட்டிருந்தேனுங்க. அனுப்பிச்சாரு. அதுல ஒண்ணு இருக்குதுங்க, நீங்களே கேளுங்க" என்றார். டோன் செய்வதற்கென்று நீ வீட்டிலேயே வைத்திருக்கிற பெரிய கீபோர்டில் அவரே ஃப்ளாப்பியைப் போட்டு ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தார். பானையின் நாதம் எழுந்து, மெல்ல அடங்கி, தேய்ந்து போகிற இடத்தில், அடியில் ஏதோ ஓடியது. கட கட கட, நடுவில் ஒரு டக். மறுபடி கட கட கட, டக். "மேல் கட்டையில வாசிச்சா அது வேகமா ஓடுதுங்க. கீழ் கட்டைக்கு வந்தா அலுத்துப்போன மாதிரி மெதுவா ஓடுதுங்க. பாட்டு பூராவும் இது ஓடுதுங்க. என்னன்னுதான் தெரியல" என்றார்.

எனக்குத் தெரியும். என் மிஷின் சக்கரத்தைச் சுற்றுகிற தோல் வாரில், இரண்டு முனையும் சேருகிற இடத்தில் ஒரு கம்பிக் கொக்கி இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி அது வரும்போதெல்லாம் ஒரு தடவை டக் என்று தட்டும். இத்தனை வருஷம் என் காலுக்குக் கீழே கேட்ட சத்தம், உன் வெண்கல நாதத்துக்கு உள்ளே இருந்து எனக்குக் கேட்டது. என் கண் மிஷின் பக்கம் போனதைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பிக்கு இது கேக்காமப் போயிருக்க வழியில்லீங்களே" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கய்யா" என்று கும்பிட்டேன். அவர் அந்தப் பையைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் நீ ஒரு சேகண்டியை வைத்துப் பதிந்துகொண்டிருந்தாய். நான் இடைக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். துணி இல்லை, ஊசியில் நூல் இல்லை. வெறும் மிஷினை ஓட்டக்கூடாது என்று என்னிடம் தையல் பழகுகிற எல்லாரிடமும் சொல்கிறவள், வெறும் மிஷினை மிதித்தேன். மெதுவாக மிதித்தேன். வேகமாக மிதித்தேன். மாதாவே, இவன் திரும்பிப் பார்த்து என்னைத் திட்டட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டு கால் வலிக்க மிதித்தேன். உன் முதுகு அசையவில்லை. சேகண்டியைத் தட்டுவதும், தலையைச் சாய்த்து அது அடங்கக் காத்திருப்பதுமாக இருந்தாய். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தவன் என்னைப் பார்த்தாய். என் கண்ணைப் பார்த்தாய். "என்னம்மா?" என்றாய். "நூலு அறுந்துபோச்சுப்பா" என்றேன். நீ ஊசியைப் பார்த்தாய். அதில் நூலே இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் ஆடியது ஒரு நாடகம். நீ மைக்கைத் திறந்தால் நான் மிஷினைத் தொடுவதில்லை. கீரைக்காரியைத் தெருமுனையிலேயே நிறுத்திச் சாடை காட்டுவேன். ஒரு டோன் முடிந்ததும், "எப்படிம்மா இருக்கு?" என்று நீ கேட்க ஆரம்பித்தாய். முன்பெல்லாம் என்னிடம் கேட்கிற ஆளா நீ? நானும் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, "லேசாக் குத்துதுப்பா" என்பேன். உடனே குறைப்பாய். இன்னும் கொஞ்சம் என்பேன். இன்னும் குறைப்பாய். எனக்கு ராகம் தெரியாது, சுருதி தெரியாது. ஒரு தையல்காரியின் காதை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்ட முடியும்? போன் வருவது குறைந்தது. அவர்களுக்கும் பிறகு சி.டி., கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் தைத்து வைத்த நீலப் பைகள் இன்னும் ஒரு கட்டு அப்படியே இருக்கிறது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ மில்லில் சேர்ந்துவிட்டதைச் சொன்னாய். வாசித்து வாசித்துச் சலித்துவிட்டது என்றாய். அந்தப் பொய்யை நான் அப்படியே விழுங்கியிருப்பேன். அதோடு விட்டாயா? சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க மிஷின் சத்தத்துல யாருக்கும் எதுவும் கேக்காதும்மா. எல்லாரும் கையாலதான் பேசிக்கிறாங்க" என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தத்துக்காகவே பிறந்த பிள்ளை, தனக்குக் கேட்காதது யாருக்கும் தெரியாத ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அதை என்னிடம் நல்ல சேதியாகச் சொல்கிறான். எழுந்து அடுப்படிக்குள் போய் மோர் எடுத்துவர அவ்வளவு நேரம் ஆனது ஏன் என்று நீ கேட்கவில்லை. நீயும் கேட்க மாட்டாய், நானும் சொல்ல மாட்டேன், நம் குடும்பமே அப்படித்தான்.

போகிற பிள்ளையைத் தடுக்க நான் எழுதவில்லை. போ. உழைக்கிறவனுக்கு மில் ஒன்றும் குறைச்சல் இல்லை. பஞ்சுத் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள், காதிலும் பஞ்சு வை; மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். யாராவது பேசி உனக்குக் கேட்கவில்லை என்றால், சிரிக்காதே அப்பு. கேட்டுவிட்ட மாதிரித் தலையாட்டாதே. "எனக்குக் காது கேக்காது, பாத்துச் சொல்லுங்க" என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல். ஊர் வாய் இரண்டு நாள் பேசும், பிறகு வேறு ஆளைத் தேடிப் போய்விடும். மதுரையில் பெரிய டாக்டரிடம் நீ ஏற்கெனவே ரகசியமாகப் போய்வந்தாயா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் அவர் சொன்னதைச் சொல். போகவில்லை என்றால் முதல் லீவுக்கு வரும்போது நான் கூட வருகிறேன். கீபோர்டுக்கு ஒரு உறை தைத்துவிட்டேன், அதே நீலத் துணியில். அதை விற்கச் சொல்லி யாராவது வந்தால் நான் பேசிக்கொள்கிறேன், நீ தலையிடாதே.

இவ்வளவும் எழுதிவிட்டேன், இருந்தும் ஏதோ சொல்லாமல் விட்ட மாதிரியே இருக்கிறது. அந்தப் பழனிக்காரர் போன பிறகு ஒரு நாள் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கடைசியாக நீ செய்த நல்ல டோனுக்குள் என் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு அது கேட்கவில்லை. எனக்கு அது மட்டும்தான் கேட்கிறது. இதை நினைத்தால் ராத்திரி பகல் எதுவும் எனக்கு ஓடுவதில்லை.

நாளைக்குப் பூசை முடிந்து வந்ததும் இதை உன் கீபோர்டு மேல் வைப்பேன். வைத்துவிட்டுப் போய் மிஷினில் உட்காருவேன். மில்லுக்குப் போட்டுக்கொண்டு போகிற உன் சட்டைக்குக் கை மடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. இடைக்கதவு திறந்துதான் இருக்கும். நீ படித்துவிட்டு வா. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். முன்பு போல வாசலில் வந்து நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மா, மிஷின நிப்பாட்டும்மா" என்று ஒரே ஒரு தடவை சொல். சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டாம், ராசா. என் கால் மிதிப்பதைப் பார்த்துச் சொல். நான் நிறுத்திவிடுகிறேன்.

உன் அம்மா